பொய் சொன்ன நாக்கு

ஜில்லா போர்டு ரோடு போட்ட வருஷம் அது. குத்தம்பாக்கத்தில் உலகநாதன் வீட்டுக் களத்தில் பிள்ளைகள் தாயம் ஆடுவார்கள். கரித்துண்டால் கட்டம் போடுகிறவள் நாகவல்லி. போட்டு முடித்ததும் எழுந்து தள்ளி நிற்க வேண்டும். ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அவள் அம்மா கன்னியம்மா உலகநாதன் நிலத்தில் நாற்று நடுகிறவள்.

ஒரு நாள் ஆள் குறைந்தது. உலகநாதன் மகள் தாட்சாயிணியே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நாகவல்லி புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டாள். தாட்சாயிணியின் காய்கள் இரண்டு அடுத்தடுத்து வெட்டுப்பட்டன.

"கொட்டையை விரலால திருப்புறா! கள்ள ஆட்டம்!" என்று தாட்சாயிணி அலறினாள்.

உலகநாதன் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கன்னியம்மாவை வரவழைத்து எல்லோர் முன்னும் நிறுத்தினார்.

"பொண்ணுக்கு இதான் கத்துக்குடுத்துகினு கீறியா? நாளைலேருந்து நடவுக்கு வராதே."

"ஆண்டே, பசங்க ஆட்டம்..." என்று அவள் தொடங்குவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

எட்டு நாள் வீட்டில் கஞ்சித் தண்ணீர்தான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் நாகவல்லிக்கு எரிந்தது.

அவள் செங்கல் துண்டோடு ஏரி மதகின் கல்மேல் போய் உட்கார்ந்தாள். புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடித்தாள். ஆளுக்கு ஒரு பேய். புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட வேண்டும். ஒன்று விழுந்தால் தலை, இரண்டு விழுந்தால் கண், மூன்றுக்கு மூக்குத்தி, நான்குக்கு ரெட்டைச் சடை, ஐந்துக்குக் கை கால். ஆறு விழுந்தால் நாக்கு. முதலில் வரைந்து முடிப்பவர் ஜெயித்தவர். சேரிப் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டு ஊர்த்தெரு வசந்தா வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். களம் வெறிச்சோடியது.

நான்காம் நாள் தாட்சாயிணியே வந்து நின்றாள். கல் முழுக்க அவள் முகம். மூக்குத்தி, ரெட்டைச் சடை, முழங்கால் வரை தொங்கும் நாக்கு.

"இன்னாடி இது? நாக்கு ஏன் இம்மாம் நீளம்?"

"பொய் சொன்ன நாக்கு. நீளமாத்தான் இருக்கும்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாட்சாயிணி கண் கலங்கினாள். ஆனால் போகவில்லை. வீட்டில் அவளோடு ஆட ஒருவரும் இல்லை.

"என்னையும் சேத்துக்கோ."

"சேத்துக்கறேன். உன் மூஞ்சியை நீயே வரை."

அவள் உருட்டினாள், வரைந்தாள். ஆறு விழுந்ததும் செங்கல்லைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ திருப்பல. நான்தான் பொய் சொன்னேன்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்றே? உங்க நைனாவாண்ட சொல்லு. சொல்லிட்டு வா, அப்புறம் ஆடலாம்."

மறுநாள் மதியம் வசந்தா நாகவல்லி வீட்டுக்கு ஓடி வந்தாள். தாட்சாயிணி அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். சேரிப் பிள்ளைகளோடு போய் ஆடினதற்குத்தான் அடி விழுந்ததாம். பொய்யைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லையாம்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நடவு பாக்கி நிற்கிறதென்று கன்னியம்மாவுக்கு ஆள் வந்தது. அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"பாவம் தாட்சாயிணி, கன்னம் வீங்கிக் கீது அவளுக்கு" என்றாள் வசந்தா.

"நல்லா வீங்கிக் கீதா?"

"ரொம்ப."

நாகவல்லி தலையாட்டினாள். எட்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.