பெயர் எழுதாத சீட்டு

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒரு தகரப் பெட்டி உண்டு. மனதில் இருப்பதைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் போடக் கூடாது. முடியும்போது ஆளுக்கொரு சீட்டு எடுத்துப் போய், வீட்டில் பிரித்து, ஒரு வாரம் தனியாக ஜெபிக்க வேண்டும். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. ஏழு வருடமாக இதுதான் முறை.

கூட்டத்தை நடத்துபவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். குரல் அப்படி, அதனால் 'மைக் அண்ணன்'. போன வாரம் தான் எடுத்த சீட்டை அங்கேயே பிரித்தார்.

"அட, இது நம்ம தங்கச்சி கையெழுத்தாச்சே!"

என் மனைவியைத்தான் சொன்னார். வாராவாரம் பலகையில் வசனம் எழுதுவது அவள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, தங்கச்சி மார்புல இருக்கற கட்டி கெட்ட கட்டியா இருக்கக் கூடாதுப்பா! திங்கக்கிழமை ரிசல்ட்டுப்பா! பரீட்சை முடியற வரைக்கும் பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு கேக்கறாப்பா!"

பொண்ணு அங்கேதான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிப்பு நின்றது. கூட்டத்தார் 'ஆமென்' என்றார்கள். பெண்கள் எழுந்து என் மனைவி தலைமேல் கை வைக்க வந்தார்கள்.

"யாரும் எங்கம்மாவைத் தொடாதீங்க!" என்று என் மகள் கத்தினாள்.

வாசலில், செருப்பு கிடக்கும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, உங்களுக்கு அறிவிருக்கா?"

"ஏன் தம்பி சூடாகற? நாலு பேர் சேர்ந்து கேட்டா பலம்தானே?"

"அவ நாலு பேரைக் கூப்பிட்டாளா? ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை எழுதிப் போட்டா. நடுவுல கூவி விக்கறதுக்கு நீங்க யாரு?"

"பாசத்துல வாய் தவறிடுச்சுப்பா."

"தவறல. கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க."

வீட்டில் மகள் அவள் அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "மைக் மாமாவுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா?"

"அவருக்கும் சொல்லலடி," என்றாள் என் மனைவி. வேறு என்ன சொல்வாள்?

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு மணி வரை எழுதலாம். கெஞ்சி அனுப்பினோம். பதினொன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் கூப்பிடுவதற்காக நாங்கள் காத்திருந்தபோது, மகள் யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"பாதிப் பேப்பர் கொடுத்துட்டேம்மா. ஒண்ணும் ஓடல."

கட்டி என்று தெரிந்த நாளில்கூட அழாத என் மனைவி, அப்போது அழுதாள். மகளுக்குத் தெரியக் கூடாது என்று அவள் கேட்டது இதற்குத்தானே? அது ஒன்றைத்தானே கேட்டாள்?

சாயங்காலம் போனில் மைக் அண்ணனின் செய்தி. 'தம்பி, ரிசல்ட் என்ன? குழுவுல எல்லாரும் கவலையா இருக்காங்க.'

'கவலைப்படுங்க' என்று அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று என் மனைவியைக் கேட்டேன். முழுதும் படித்துப் பார்த்து, இதுவரை எழுதலாம் என்றாள். ரிசல்ட் என்ன என்பதை எழுத வேண்டாம் என்றாள். எழுதவில்லை.