பக்கத்து சீட்டில் ஒரு ஆள்

பல்காரரின் கார் அன்றைக்கும் இடம் பார்த்துத்தான் நின்றது. நான்கு ரோடுகள் கூடும் சிக்னலில் பச்சை விழுந்து, எல்லா வண்டிகளும் முண்டியடித்துக் கிளம்பிய நேரம். இன்ஜின் ஒரு தடவை இருமியது, அத்தோடு அடங்கிவிட்டது. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடித்தது. ஒருவர் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கார் மக்கர் செய்தால் காரைத்தானே திட்ட வேண்டும்? யாரும் திட்டுவதில்லை. ஓட்டுகிறவரின் தலை நரைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

பல் செட் செய்வது அவர் தொழில். வீட்டின் பின்னறையில் மெழுகும் பிளாஸ்டர் மூட்டைகளும் சின்ன மோட்டார் ஒன்றும் வைத்திருந்தார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துக் கட்டுப்பல் செய்து, தானே காரில் எடுத்துப்போய் ஒவ்வொரு க்ளினிக்காகக் கொடுப்பார். மனைவி இருந்தவரை அவளும் கூடவே வருவாள். பக்கத்து சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, பல் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் ஓட்டுவதில் நொட்டை சொல்லிக்கொண்டே வருவாள். அவள் இறந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. இப்போது பெட்டிகள் மட்டும் அந்த சீட்டில் உட்கார்ந்து வருகின்றன. பொய்ப்பல்லுக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது?

அவள் இருந்த காலத்தில் கார் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அவள் போன பிறகுதான் இந்தச் சனியன் பிடித்தது. இதைச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. கேட்டவர்கள் எல்லாம் காரை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர் இருந்தார். வருகிற காரையெல்லாம் விசாரித்து உள்ளே அனுப்புவது அவர் வேலை. பல்காரரைக் கண்டதும் மாமனாரைக் கண்ட மருமகன் மாதிரி எழுந்து நிற்பார், காபி கொடுப்பார், கார் கதவைத் திறந்துவிடுவார். காரை மட்டும் சரி செய்ய மாட்டார்.

"சார், நல்லா ஓட்டிப் பார்த்துட்டோம். ஒரு குறையும் இல்லை."

"எனக்கு நிக்குதேப்பா."

"எங்களுக்கு நிக்கலியே சார். நின்னாத்தானே என்னன்னு பார்க்க முடியும்?"

அவர் பொய் சொல்லவில்லை. சோதனை ஓட்டத்துக்குக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விதியை மீறி யாரும் அந்தக் காரை வாசலைத் தாண்டிக்கூட எடுத்துப் போனதில்லை. மேட்டில் ஏற்றினார்கள், பள்ளத்தில் இறக்கினார்கள், மழையில் ஓட்டினார்கள். விருந்தாளி வந்தால் சமர்த்தாக இருக்கும் பிள்ளை மாதிரி அவர்களிடம் அது ஒழுங்காக ஓடியது. பல்காரர் தனியாக வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்றது.

தலைமை ஆபீசுக்குப் போன் செய்தால் முதலில் பாட்டு, அப்புறம் ஒரு பெண். "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார்" என்பாள். ஒன்றும் புரியவில்லை என்பது இருவருக்குமே தெரியும். இருந்தாலும் அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வாள். சில வாரங்களில் அவரிடம் அதிக நேரம் பேசிய மனுஷி அவளாகத்தான் இருந்தாள். கடைசியில், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்பாள். பல்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லம்மா" என்று சொல்லிப் போனை வைப்பார்.

அவருக்கு ஒரே மகள். நகரத்தின் மறு கோடியில் புருஷன், குழந்தை, ஆபீஸ் என்று நிற்க நேரமில்லாமல் இருக்கிறவள். அப்பா சொல்கிறாரே என்று மூன்று நான்கு தடவை வந்து காரில் உட்கார்ந்தும் பார்த்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசித் தடவை அவர் வீட்டு வாசலில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"வண்டிய நீங்களே நிறுத்திடுறீங்களா?"

"நானா? எதுக்கு?"

"அப்படியாவது யாராவது வருவாங்கன்னு. தனியா இருக்கறவங்களுக்குத் தெரியாமலே இப்படி வருமாம்ப்பா. ஒரு டாக்டரப் பார்க்கலாம்."

பல்காரருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்தவர், தன் வாயில் எல்லாப் பல்லும் சொந்தப் பல்லாகவே வைத்திருக்கிறவர், அவருடைய சொல்லைப் பெற்ற பெண்ணே நம்பவில்லை.

"கம்பெனியோட பெரிய இன்ஜினியர் அடுத்த வாரம் வர்றாராம். அவர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

"அவரும் ஒண்ணுமில்லேன்னுட்டா?"

"நீ என்ன சொல்றியோ அதைக் கேக்கறேன்."

"சாவிய என்கிட்ட குடுத்துடணும். வேலைய நிறுத்திட்டு எங்களோட வந்து இருக்கணும். சரியா?"

சரி என்றார். ரோஷத்தில் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் அவருக்கென்று ஒதுக்கும் அறையில் இஸ்திரி மேஜையும் குழந்தையின் சைக்கிளும் போக ஒரு கட்டிலுக்குத்தான் இடம். அதுகூடப் பரவாயில்லை. புத்தி பிசகிய கிழவன் என்ற பெயரோடு ஒரு வீட்டுக்குள் போய் எப்படிச் சாப்பாட்டுக்கு உட்காருவது?

வீட்டைக் காலி செய்ய வேண்டிவரலாம் என்றுதான் அந்த வாரம் சாமான்களை ஒழிக்கத் தொடங்கினார். மனைவியின் தையல் மெஷினை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் ஒரு தையல்காரி. பழைய காலத்து இரும்பு மெஷின், தூக்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்பக்கம் வரை கொண்டுபோகத் தெம்பில்லாமல் முன் சீட்டிலேயே இறக்கி, பெல்ட்டை மாட்டி, நகரத்தின் மோசமான ரோடுகள் வழியாக ஓட்டிக்கொண்டு போனார். தையல்காரி வாய் நிறைய வாழ்த்தினாள். திரும்பும்போது அவள் தெரு முனைகூடத் தாண்டவில்லை, கார் நின்றுவிட்டது.

பல்காரர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கோபம்கூட வரவில்லை. வரும்போது அத்தனை பள்ளத்திலும் நிற்காத கார் இந்த நல்ல ரோட்டில் ஏன் நிற்கிறது என்று யோசித்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். மெஷினின் அடித்தட்டு அழுத்திய பள்ளம் மெத்தையில் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டர் மூட்டையை அந்த சீட்டில் வைத்து ஊரைச் சுற்றினார். கார் நிற்கவில்லை. மூட்டையை எடுத்துவிட்டுச் சுற்றினார். இரண்டாவது வளைவிலேயே நின்றது. மறுபடி வைத்தார், ஓடியது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, நடுரோட்டில் தனியாகச் சிரித்தார். பிறகு அழுகை வந்துவிட்டது. இந்தக் கோளாறு புதிதாக வந்ததல்ல. கார் வாங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது. இத்தனை காலமும் அவள் அதன்மேல் உட்கார்ந்து அமுக்கி வைத்திருந்திருக்கிறாள், அவளுக்கும் தெரியாமல்.

பெரிய இன்ஜினியர் வந்த அன்று சர்வீஸ் சென்டருக்கு மகளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இன்ஜினியர் பையும் கம்ப்யூட்டருமாக வந்து முன் கதவைத் திறந்தார்.

"சார், நீங்க பின்னாடி உட்காருங்க. நீயும் பின்னாடி உட்காரும்மா" என்றார் பல்காரர்.

"இல்ல சார், விதிப்படி நான் முன்னாடி உட்கார்ந்துதான் மீட்டரைப் பார்க்கணும்."

"அந்த விதியாலதான் சார் ஒரு வருஷமா நான் பைத்தியக்காரன் ஆனேன். இந்த ஒரு நாள் எனக்காகப் பின்னாடி உட்காருங்க."

இன்ஜினியர் டைக்காரரைப் பார்த்தார். டைக்காரர் தரையைப் பார்த்தார். கிழவரோடு எதற்கு மல்லுக்கு நிற்பது என்று நினைத்தாரோ என்னவோ, இன்ஜினியர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். முன் சீட் காலியாகப் போனது. சர்வீஸ் சென்டர் தெருவைத் தாண்டி மேடுபள்ளமான ரோடு வந்ததும் கார் ஒரு தடவை இருமியது. நின்றது.

ஒரு கார் நின்றுபோனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

"நீங்க எதையும் தொடலியே சார்?" என்றார் இன்ஜினியர்.

"தொடல" என்று மகள்தான் பதில் சொன்னாள். "ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் இருந்துச்சு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்." சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரின் இணைப்பு அடியில் பல் ஆடுவது மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மேலே யாராவது உட்கார்ந்தால் சீட் இறங்கி அதை அழுத்திப் பிடிக்கும், எழுந்துவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் விட்டுப்போகும். இன்ஜினியர் நல்ல மனுஷர். மழுப்பாமல் உள்ளதைச் சொன்னார்.

"இது குடும்பத்துக்குன்னு செஞ்ச கார் சார். இந்த சீட் இவ்வளவு நாள் காலியா ஓடும்னு யாரும் நினைக்கல."

"நானும் நினைக்கல சார்" என்றார் பல்காரர்.

வயர் முழுவதையும் மாற்ற வேண்டும், அது தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும், அதுவரை தனியாக ஓட்டக் கூடாது என்று சொன்னார்கள். மூட்டை கீட்டை என்று வைத்தும் ஓட்டாதீர்கள், சரிந்தால் ஆபத்து, ஆள் உட்காரட்டும் என்றார் இன்ஜினியர். வாசலில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா."

"போகட்டும் விடு."

"டெலிவரி எல்லாத்தையும் சனிக்கிழமைக்கு வச்சுக்குங்க. எனக்கு லீவுதான். பார்ட் வர்ற வரைக்கும் நான் வர்றேன்."

சொன்னபடியே வந்தாள். முதல் சனிக்கிழமை முழுக்க ஆபீஸ் போனிலேயே இருந்தாள். அடுத்த வாரம் போனைப் பைக்குள் போட்டாள். அதற்கடுத்த வாரம் மூன்றாவது க்ளினிக் போவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள், பல்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் காரை மெல்ல இறக்கி ஏற்றினார். அப்புறம் பேச ஆரம்பித்தாள். மேலதிகாரி படுத்தும் பாடு, புருஷனோடு சண்டை, குழந்தைக்குக் கணக்கு ஏறாதது, அம்மா கனவில் வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். போனில் இதையெல்லாம் அவள் சொன்னதே இல்லை. முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவது சில விஷயங்களுக்கு வசதியாக இருக்கிறது. கடைசி க்ளினிக் முடிந்ததும் வழியில் டீ குடித்தார்கள். மற்ற நாட்களில் பல்காரர் மெழுகும் மோட்டாருமாக இருந்துகொண்டு, அவளிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தார். பின்னறையில் ஒரு நாள் தானாகப் பாடிக்கொண்டிருப்பதை உணர்ந்து வெட்கப்பட்டு நிறுத்தினார்.

அந்த வாரத்தில்தான் டைக்காரர் போன் செய்தார்.

"சார், நல்ல சேதி. பார்ட் வந்துடுச்சு. பக்கத்துல ஒரு ஆள உட்கார வச்சு இன்னிக்கே வண்டிய எடுத்துட்டு வாங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்."

பல்காரர் மோட்டாரை நிறுத்தினார்.

"இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு தம்பி. அடுத்த வாரம் பார்ப்போம்."

அடுத்த வாரமும் போன் வந்தது. அந்த வாரம் உடம்பு சரியில்லை என்றார்.

"சார், ஒரு வருஷமா எங்கள உண்டு இல்லைன்னு ஆக்கினது நீங்கதானே?" என்று டைக்காரர் சிரித்தார். பல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மகள் வழக்கம்போல வந்தாள். கதவைத் திறந்து ஏறி, பெட்டிகளைக் காலடியில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கண்ணுக்கடியில் கருவளையம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"பார்ட் வந்துடுச்சாப்பா?"

பல்காரர் சாவியைத் திருகினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

"இல்லம்மா, இன்னும் வரல."

ஒரு வருடமாக அவர் சொன்ன உண்மையை நம்பாதவள், இதை அந்த நிமிஷமே நம்பிவிட்டாள். "என்ன கம்பெனியோ!" என்று ஆரம்பித்து, டைக்காரரையும் இன்ஜினியரையும் தொழிற்சாலையையும் முதல் க்ளினிக் வரும்வரை வறுத்தெடுத்தாள். ஒரு வயரை அனுப்ப இவ்வளவு நாளா, வயசானவர் என்றால் இளக்காரமா, திங்கட்கிழமை நானே போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்றாள்.

"வேண்டாம்மா, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார் பல்காரர்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாள் அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்த மனுஷன். ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. பெருமூச்சு விட்டுச் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரி விடுங்க, எப்ப வருதோ வரட்டும். அதுவரைக்கும் நான் வந்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள்.