பதின்மூன்று நடக்கிறது

1

இந்தக் கதை என் குளியலறையில் தொடங்கியது. வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வீங்கிய மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். படம் எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "எலும்பு உடையல. ஆனா வயசக் கொறச்சுச் சொல்லியிருக்கீங்க அக்கா" என்றாள்.

இரண்டு வருடம்தான் குறைத்திருந்தேன். (என் வயதுக்காரியின் எலும்பில் அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது என்று பிறகு தெரிந்தது. சும்மா போட்டுப் பார்த்திருக்கிறாள், நான் மாட்டிக்கொண்டேன்.)

"விடுங்க, என் வயசு எனக்கே தெரியாது" என்றாள். எழுதுகிறவர்களிடம் இப்படியெல்லாம் வாயைக் கொடுக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: 'அவள் காற்றைப் போல ஓடி...' அடித்துவிட்டேன். காற்றிடம் யாரும் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை.

இரண்டாவது தொடக்கம்: எக்ஸ்ரே எடுத்த அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் திடலில் பெயர் புழுதி. பின்னால் ஓடியவர்களுக்கு அவளிடம் தெரிந்தது அது ஒன்றுதான். இது இருக்கட்டும்.

பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான இருநூறு மீட்டர். புழுதி கோட்டைத் தாண்டியபோது இரண்டாவது வந்தவள் வளைவைக்கூடத் தாண்டவில்லை [மிகை. பத்தடி முன்னால், அவ்வளவுதான்]. பதக்கம் கழுத்தில் ஏறிய கையோடு, இரண்டாவது வந்தவளின் அப்பா புகார் எழுதினார். "இது பதிமூணா? உயரத்தப் பாருங்க சார்!"

இடது மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். வளரும் எலும்பின் நுனியில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். வயது ஏற ஏற மூடிக்கொள்ளும். அதைப் பார்த்து மருத்துவர் எழுதினார்: பதினைந்து, கூடக்குறைய இரண்டு. பதினைந்தில் இரண்டைக் கழித்தால் அவள் சொன்ன வயது வருகிறது. யாரும் கழிக்கவில்லை.

பதக்கம் திரும்பிப் போயிற்று. பெரிய பெண்களோடு ஓடவிட்டார்கள். நான்காவது வந்தாள், அப்புறம் ஆறாவது, அப்புறம் வரவேயில்லை. வயதில் ஏமாற்றியவள் என்றால் இப்படித்தான் ஆகும். மனம் விட்டுப்போனவள் என்றாலும் இப்படித்தான் ஆகும்.

3

நம் பேச்சில் வயது நடக்கிறது. 'பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது' என்கிறோம். பேருந்தில் அரை டிக்கெட் கேட்கும்போது முடிந்ததைச் சொல்வோம். திட்டும்போது நடப்பதைச் சொல்வோம்: "பத்து நடக்குது, இன்னும் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியல!"

பள்ளியில் சேர்த்த அன்று புழுதியின் அம்மா "ஆறு நடக்குது" என்றாளாம். எழுத்தர் ஆறு என்று எழுதிக்கொண்டார். அப்படியென்றால் புழுதி தாளில் இருப்பதைவிடச் சின்னவள். ஆனால் அம்மா தாமதமாகச் சேர்த்துவிட்டு, இரண்டு வருடத்தை வாய்க்குள்ளேயே விழுங்கியிருந்தால்?

இருபது வருடமாகப் புழுதி அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. பயம். "எனக்குத் தெரியவேண்டியது ஒண்ணுதான் அக்கா. நான் வேகமா ஓடினேனா, இல்ல சின்னப் பிள்ளைங்க நடுவுல பெரிசா இருந்தேனா?"

4

அந்தப் பழைய படத்தை அவள் அறையின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். மத்தியானத்தில் வெயில் அதன் வழியாக இறங்கும். தரையில் ஒரு சின்னக் கை விரியும்; எலும்புகள் மங்கலாக, நடுவே அந்த மூடாத இடைவெளி. அரைத்தூக்கத்தில் அது அகன்றுகொண்டே போய் ஒரு திடலாகிவிடும். சத்தமே இருக்காது. அவள் ஓடுவாள், வலிக்காமல், மூச்சு வாங்காமல். முடிவுக் கோடும் அவளோடு சேர்ந்து ஓடும்.

(இதை எழுதும்போது எனக்கும் கண் செருகியது. மன்னிக்கவும்.)

5

முடிவு ஒன்று: அம்மா அழுகிறாள். "கொறச்சுத்தான்டி சொன்னேன், சேத்துக்க மாட்டாங்கன்னு."

முடிவு இரண்டு: "எந்த வயசா இருந்தா என்ன, ஓடினது நீதானே?" என்கிறாள். அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகம். அம்மா தையல் கடையில் பொத்தான் தைப்பவள். உதட்டில் ஊசியை வைத்துக்கொண்டு இப்படி வசனம் பேசமாட்டாள்.

6

போன ஞாயிறு புழுதி நிஜமாகவே கேட்டுவிட்டாள்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இதக் கேக்கவா இத்தன வருஷம் பம்மிக்கிட்டு இருந்த?" என்றாள். பிறகு சொன்னாள்.

மறுநாள் புழுதி என்னிடம் சொன்னாள். நான் எழுதினேன். அதைப் படித்துப் பார்த்தவள் என் பென்சிலை வாங்கி ஒரே ஓர் இடத்தில் அடித்தாள்.

[இங்கே ஓர் எண் இருந்தது.]

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "கதையே அதுதானேம்மா!"

"எல்லாரும் என் வயசத்தானே பாத்தாங்க அக்கா. இதப் படிக்கிறவங்களாவது நான் ஓடுறதப் பாக்கட்டும்."

இவ்வளவு நேரத்தில் நீங்களும் மனதுக்குள் அவளுக்கு ஒரு வயது போட்டிருப்பீர்கள். அதை முழுதாகக் கழித்துவிடுங்கள். இருநூறு மீட்டர். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கிறாள், அந்த இடது மணிக்கட்டையும் சேர்த்து. விசில் உங்கள் வாயில் இருக்கிறது.