வளைவில் தூக்கிய சாட்டை

அந்தப் பந்தயத் திடலில் ஆள் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டென்றால் அது மூன்றாம் டவர்தான். துபாயிலிருந்து அல் ஐன் போகும் சாலையில் பிரிந்து மணலுக்குள் நாலு கிலோமீட்டர் போனால் திடல் வரும். கூட்டம், ஏசி, காப்பி, மேடை எல்லாம் இந்தப் பக்கம். மூன்றாம் டவர் அந்தப் பக்கம், கடைசி வளைவில். இரும்பு ஏணியில் பதினெட்டுப் படி ஏறினால் ஒரு தகரக் கூரை, இடுப்புயரத்துக்குத் தகரத் தடுப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எட்டு வருடமாக அந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கார்மேகம். சிவகங்கைப் பக்கத்து ஆள். கையில் பைனாகுலர், இடுப்பில் வாக்கி டாக்கி, மடியில் ரிப்போர்ட் தாள்.

அங்கே நடப்பது குதிரை வண்டிப் பந்தயம். நம்மூர் வண்டியைக் கற்பனை செய்யக் கூடாது. சைக்கிள் சக்கரம் போல இரண்டு சக்கரம், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இருக்கை, அவ்வளவுதான் வண்டி. குதிரை பெருநடையில்தான் ஓட வேண்டும். பாய்ச்சலுக்கு மாறினால் ஓட்டுபவர் இழுத்துப் பிடித்து மறுபடி நடைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். அதனால் பக்கத்துக் குதிரையை மிரள வைத்தாலே பாதிப் பந்தயம் ஜெயித்த மாதிரி. ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே வந்தாரா, வேண்டுமென்று வந்தாரா, தவறி வந்தாரா என்று பார்த்துச் சொல்லத்தான் வளைவுக்கு ஒரு டவர்.

ஓட்டுபவர்களில் ஒரே தமிழ் ஆள் வீரபாண்டி. அவனும் சிவகங்கைதான், முப்பத்தெட்டு வயது, ஊரில் குதிரை வண்டிப் பந்தயத்தில் சாரதியாக இருந்தவன். இரண்டு பேரும் தமிழ் என்பதால், ஒருவன் ஓட்டுபவன், இன்னொருவர் அவனைக் கண்காணிப்பவர் என்பதையெல்லாம் யோசிக்காமல் கேம்ப் ஆபீஸ் ஒரே ரூமில் போட்டுவிட்டது. கார்மேகத்துக்கு அது பெரும் பாக்கியம். டவரில் பேச ஆளில்லை, கேன்டீனில் பாஷை தெரிந்த ஆளில்லை, வீட்டுக்குப் போன் போட்டால் "சாப்பிட்டீங்களா, சரி வைக்கிறேன்" என்பதோடு முடிந்துவிடும். மனிதர் ஒரு நாளில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினார் என்றால் அது வீரபாண்டியிடம்தான்.

இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் பந்தயங்களில் எல்லை திரும்பும் இடத்தில் ஒரு ஆள் நிற்பார். வண்டி திரும்பும்போது சாரதி அவரைப் பார்த்துச் சாட்டையைத் தூக்க வேண்டும். முறையாகத்தான் திரும்பினேன், நீ பார்த்தாய் என்று அர்த்தம். கார்மேகம் ஊரில் எல்லைக்காரராக நின்றவர். அந்தப் பழக்கத்தில் வீரபாண்டி இங்கேயும், பந்தயத்துக்கு முன்னால் குதிரைக்கு உடம்பு சூடேற மெதுவாக ஒரு சுற்று விடும்போது, மூன்றாம் டவரைக் கடக்கையில் சாட்டையைத் தூக்குவான். மேலிருந்து கார்மேகம் எழுந்து நின்று கையைத் தூக்குவார். ஓட்டுபவரும் டவர் ஆளும் பந்தய நாளில் ஜாடை காட்டிக்கொள்ளக் கூடாது என்று கிளப்பில் சட்டமே உண்டு. ஆனால் அந்த மூலையில் நடப்பதை யார் கண்டார்கள்? பந்தயத்தின்போது மட்டும் அவன் ஒருநாளும் தூக்கியதில்லை.

மார்ச் பத்தாம் தேதி வந்தது. கார்மேகத்தின் பிறந்தநாள். உண்மையான பிறந்தநாள் அல்ல, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்ததைப் போட்ட தேதி. வீட்டில் யாருக்கும் அப்படியொரு தேதி இருப்பதே தெரியாது. பாஸ்போர்ட்டிலும் அடையாள அட்டையிலும் அதுதான் என்பதால் பேங்க்காரன் மட்டும் வருடாவருடம் வாழ்த்து அனுப்புவான். வந்த முதல் வருடம் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு வீரபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த கையோடு துபாய் தேரா கடைத்தெருவுக்குப் போய், செய்கு முகம்மது என்ற கீழக்கரைக்காரர் கடையில் ஒரு ஓலைப்பெட்டி தொதல் வாங்கி வந்து கொடுத்தான். அதுவும் வழக்கமாகிப் போனது. பொய்ப் பிறந்தநாளுக்கு மெய்யாகவே ஒருவன் இனிப்பு வாங்கித் தருவான் என்று கார்மேகம் பிப்ரவரியிலேயே காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த முறை ஐம்பது. காலையில் கண் விழித்தால் பக்கத்துக் கட்டில் காலி. பந்தய நாள், விடியும் முன்பே லாயத்துக்குப் போய்விட்டான். தலையணைக்குப் பக்கத்தில் பெட்டி இல்லை, மேஜையில் இல்லை. போனில் பேங்க் வாழ்த்து மட்டும் வந்திருந்தது. மனிதருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. எட்டு வருடம் பழகியவனுக்கு ஒரு தேதி ஞாபகம் இல்லையா என்று முனகிக்கொண்டே டவர் ஏறினார். வீரபாண்டியின் நாலாம் நம்பர் வண்டி மெதுவாகச் சுற்றி வந்தபோது, கார்மேகம் தடுப்புக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். தூக்கட்டும் சாட்டையை, யார் பார்க்கப் போகிறார்கள்! ஐம்பது வயது ஆள் ஆறு வயசுப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தார். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் யாருமில்லாத இடத்தில் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தவருக்குக் கோபித்துக்கொள்ளவும் அந்த ஒருவன்தானே இருந்தான்.

பந்தயம் தொடங்கியதும் எழுந்து பைனாகுலரை எடுத்தார், வேலையில் குறை வைக்காதவர். கடைசி வளைவில் நாலாம் நம்பர் முன்னால், உள்பக்கம். அதன் வலது தோளை ஒட்டி ஆறாம் நம்பர், இத்ரீஸ் என்ற சூடான்காரர். திடீரென்று வீரபாண்டி தலையைத் திருப்பி டவரைப் பார்த்தான். இரண்டு லகான் வார்களையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சாட்டையைத் தூக்கினான். ஒரு கண்ணிமைப்புத்தான். பிடி தளர்ந்த குதிரை வெளியே சாய்ந்தது. இரண்டு சக்கரமும் உரசின. இத்ரீஸின் குதிரை மிரண்டு பாய்ந்தது, வண்டி கவிழ்ந்தது, இத்ரீஸ் மணலில் புரண்டார். தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது.

வேண்டுமென்றே முட்டினான் என்று இத்ரீஸின் முதலாளி புகார் கொடுத்தார். முந்தின வாரம்தான் தண்ணீர்த் தொட்டியருகே இருவருக்கும் வாய்ச்சண்டை வந்திருந்தது, அதை லாயமே பார்த்திருந்தது. கேமரா மேடைப் பக்கம். அதில் தெரிந்ததெல்லாம் தூசியும், தூசிக்குள் ஒரு வண்டி வெளியே சாய்வதும்தான். ஆக மொத்தம் எல்லாம் மூன்றாம் டவரின் ரிப்போர்ட்டில் வந்து நின்றது. வேண்டுமென்று செய்தது என்றானால் லைசென்ஸ் போகும், விசா ரத்து, அந்த வாரமே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கார்மேகம் தாளில் சக்கரம் போன வழியை மட்டும் வரைந்து, காரணம் என்ற கட்டத்தை வெறுமனே விட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து விசாரணை என்றார்கள்.

பந்தயத்துக்கு மறுநாள் ரூமில் வீரபாண்டி சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குச் சுத்து விடும்போது ஏண்ணே எந்திரிக்கல? ஒங்களக் காணோம்னதும் எனக்குப் பயமாயிருச்சு. போன வருசம் ஒண்ணாம் டவர் நேபாளி வெயில்ல மயங்கிக் கெடந்தான்ல, சாயந்திரம் வரைக்கும் யாருமே பாக்கலையே. அதான் பந்தயத்துல திரும்பிப் பாத்தேன். நீங்க நின்னீங்க. கையி தன்னால தூக்கிருச்சு."

லேசாகத் தலை சுற்றல் என்று கார்மேகம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார்.

"சாட்டை தூக்குனத நீங்க பாக்கலண்ணே. அவ்வளவுதான். சொன்னா ஜாடை காட்டுனோம்னு ஒங்களையும் சேத்து அனுப்பிருவாங்க."

"சொல்லலைன்னா நீ வேணும்னே முட்டுனதா எழுதிருவாங்கடா."

"எழுதட்டும். ஒங்க வேலையாச்சும் நிக்கும்ல."

அன்று முழுக்கக் கார்மேகம் இரண்டு வழியையும் எடைபோட்டுப் பார்த்தார். வாயை மூடினால் இவன் ஊருக்குப் போவான். வாயைத் திறந்தால், நல்லபடியாக முடிந்தாலும், டவர் ஆளையும் ஓட்டுபவனையும் இனி ஒரே ரூமில் விட மாட்டார்கள். எப்படிப் போனாலும் இவன் நமக்கு இல்லை என்று தெரிந்துபோயிற்று. அது தெரிந்த பிறகு, தெரியாததெல்லாம் ஒன்றுதான்: அந்தத் தகரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்த கதையைப் பத்துப் பேருக்கு நடுவில், அதுவும் இவன் முன்னால், எந்த வாயால் சொல்வது?

விசாரணை அறையில் தலைமை நடுவர், வயதான அரபி, மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளப் செயலாளர் ஸ்ரீனிவாசன். சென்னைக்காரர், குடும்பத்தோடு துபாயில் இருப்பவர், தமிழுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு. கையைத் தூளியில் போட்டுக்கொண்டு இத்ரீஸ் ஒரு பக்கம், தலையைக் குனிந்தபடி வீரபாண்டி மறுபக்கம். குதிரை சாய்ந்தது, என் தப்புத்தான் என்றான் அவன். ஏன் சாய்ந்தது என்று மூன்று முறை கேட்டும் அதையேதான் திருப்பிச் சொன்னான். நடுவர் முகம் இறுகிவிட்டது.

மேஜையில் பச்சைத் துணி விரித்து, வளைவைச் சாக்பீஸால் வரைந்து, விரல் நீளத்துக்கு மர வண்டிகள் வைத்திருந்தார்கள். நடந்ததை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். கார்மேகம் நாலாம் நம்பரைப் பிடித்து வளைவு வரைக்கும் கொண்டுவந்தார். ஆறாம் நம்பரை அதன் தோளில் ஒட்டினார். அங்கேயே கை நின்றுவிட்டது. பிறகு, தனக்குக் கொடுத்திருந்த பால் விடாத சுலைமானி டீ கிளாஸை எடுத்து வளைவுக்கு வெளியே வைத்தார்.

"இது என்ன?" என்றார் ஸ்ரீனிவாசன்.

"என் டவரு சார். இது இல்லாம வெளங்காது."

வீரபாண்டி தலையை நிமிர்த்தினான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். கார்மேகம் அவனைப் பார்க்காமல், கிளாஸைப் பார்த்தே சொல்லி முடித்தார். எட்டு வருடமாகச் சாட்டை தூக்கியதையும், தான் கை தூக்கியதையும் சொன்னார். பத்தாம் தேதி தான் எழுந்து நிற்காததால் அவன் பயந்து திரும்பிப் பார்த்ததையும், வார் ஒரு கைக்கு மாறியதையும் சொன்னார்.

உடம்பு சரியில்லையா, அதனால்தான் எழவில்லையா என்று நடுவர் கேட்கச் சொன்னார். ஆமாம் என்று ஒரு சொல் போதும், மானத்தோடு வெளியே போயிருக்கலாம்.

"இல்ல சார். உடம்புக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு, இவன் மறந்துட்டான்னு கோவிச்சுக்கிட்டேன். கண்ணுல படக் கூடாதுன்னு ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். அந்த மனுசன் தோளு ஒடஞ்சதுக்கு நாந்தான் காரணம்."

ஸ்ரீனிவாசன் மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வீரபாண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைசுற்றல் என்று நம்பிய முகம் அது. கொஞ்ச நேரத்தில் அந்த முகம் மேஜைக்குத் திரும்பிவிட்டது, அப்புறம் நிமிரவே இல்லை.

வேண்டுமென்று செய்ததல்ல, கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. வீரபாண்டிக்கு அந்த சீசன் முடியும்வரை ஓட்டத் தடை, விசா நிற்கும். தனக்கு எதிராகத் தானே சொன்னதால் கார்மேகத்துக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிலைத்தது. அந்த டவருக்கு வேறு யார் போவார்கள்? வீரபாண்டி லாயத்து ரூமுக்கு மாற வேண்டும், இருவரும் இங்கே வேலையில் இருக்கும்வரை பேச்சோ ஜாடையோ வைத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் இருவரும் ஊருக்கு. ஸ்ரீனிவாசன் அதைத் தமிழில் இரண்டு தரம் சொன்னார். வெளியே வரும்போது இத்ரீஸ் நல்ல கையால் கார்மேகத்தின் தோளைத் தட்டி, முடிந்தது விடு என்கிற மாதிரி, "கலாஸ், பாய்" என்றார். எலும்பு உடைந்தவர் ஆறுதல் சொல்கிறார். கார்மேகத்துக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டவரிலிருந்து திரும்பினால் பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தது, டிரங்குப் பெட்டியைக் காணோம். கார்மேகத்தின் தலையணைமேல் ஒரு ஓலைப்பெட்டி. பிரித்தால் தொதல், ஐஸ்கட்டி போல இறுகிக் கிடந்தது. ஓலையில் குதிரைக்குத் தடவும் தைல வாசனை. லாயத்து மருந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறான், பந்தயம் முடிந்து கையில் கொடுக்கலாம் என்று. பெட்டிமேல் செய்கு முகம்மது கடைப் பேனாவால் எழுதியிருந்தது: கார்மேகம், மார்ச் 10. சீட்டு எதுவும் இல்லை. கோபமா, இல்லையா என்று கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, சுருட்டிய மெத்தையைப் பார்த்தபடி மென்றார்.

ஏழு மாதம் கழித்து, அக்டோபரில் புது சீசன் தொடங்கியதும் வீரபாண்டி மறுபடி வண்டி ஏறினான். அன்று கார்மேகம் ஒரு மணி நேரம் முன்பே டவர் ஏறிவிட்டார். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தடுப்பை ஒட்டி, எங்கிருந்து பார்த்தாலும் ஆள் நிற்பது தெரிகிற மாதிரி வெயிலில் நின்றார். உடம்பு சூடேற்றும் சுற்றில் நாலாம் நம்பர் மெதுவாக வந்தது. வளைவில் திரும்பியது. அவன் நேரே குதிரையின் காதுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டு போனான். இரண்டு கையும் லகானில் இருந்தன. சாட்டை அசையவில்லை.

வண்டி தூசியில் மறையும்வரை நின்றுவிட்டு, கார்மேகம் தாளை எடுத்தார். வெறும் சுற்றுக்கு யாரும் ரிப்போர்ட் எழுதச் சொன்னதில்லை. அவர் எழுதினார்: நாலாம் எண், மூன்றாம் டவர் வளைவு, இரண்டு கையும் லகானில், குறை ஒன்றுமில்லை.