ஜேபஸுக்குப் போன வசவு

என் தம்பி ஷூபேலின் பெண்டாட்டி லுரானாவுக்குக் கோபம் ஏற ஏறக் கையெழுத்து அழகாகிக்கொண்டே போகும். அன்றைக்கு அவள் மடித்து அரக்கு வைத்த கடிதத்தின் மேல், 'ஷூபேல் பிங்கம், டாமரிஸ் கப்பல், பசிபிக் கடல்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. உள்ளே என்ன எழுதினாளோ, எனக்கே சொல்லவில்லை.

எல்லாம் ஒரு வாயாடியால் வந்த வினை. என் தம்பியைப் போலவே திமிங்கில வேட்டைக்குப் போய் ஊர் திரும்பிய ஒரு கப்பலின் சமையல்காரன் என் கடைக்கு நூல்கண்டு வாங்க வந்தான். வந்தவன் சும்மா போகக் கூடாதா? "பிங்கமா? மாவீ தீவுல ஒருத்தியோட குடித்தனமே நடத்துறானே!" என்று லுரானா காதுபடவே சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே இவள் கடிதத்தை எழுதி, புறப்படவிருந்த கப்பலின் தபால் பையில் போட்டுவிட்டாள்.

மறுநாள்தான் அது வேறு பிங்கம் என்று தெரிந்தது. இந்த நான்டக்கெட் தீவில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு பிங்கம் மேல்தான் விழும். லுரானா தலைவிரி கோலமாகத் துறைக்கு ஓடினாள். கப்பல் மணல்திட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. பையில் விழுந்த கடிதத்தை இனி யார் தடுப்பது? நடுக்கடலில் ஒரு கப்பல் இன்னொன்றைப் பார்த்தால் பை கைமாறும். எப்போதாவது போய்ச் சேர்ந்தே தீரும்.

"அண்ணி, அவரு படிச்சா என்ன ஆகும்?"

"என் தம்பி ரோஷக்காரன்னு உனக்குத் தெரியாதா? இன்னொரு கப்பல்ல வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே போயிருவான். ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்."

கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யில்லை. அப்படிப் போன புருஷனுக்காக, மனைவியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் காத்துக் கிடக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அதற்கப்புறம் போகிற ஒவ்வொரு கப்பலிலும் அவளுடைய கடிதம் போயிற்று. "முதல்ல எழுதினதைப் பிரிக்காதீங்க, கடல்ல போட்டுருங்க." அவ்வளவுதான் சேதி.

"அடி கிறுக்கி, பிரிக்காதேன்னா எவன்டி பிரிக்காம இருப்பான்?" என்றேன். கேட்டால்தானே! அவனிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. வருஷங்கள் போயின. அவள் இளைத்துத் துரும்பானாள். துறைக்கு வருகிற ஒவ்வொரு கப்பலையும் நானும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வசந்த காலத்துக் காலையில் தம்பி போன டாமரிஸ் கப்பல் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் படகு வந்தது, அதில் அவன் இல்லை. அடுத்ததிலும் இல்லை. லுரானா என் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது. கடைசிப் படகிலிருந்து, கருவாடு மாதிரி காய்ந்துபோய், என் தம்பி இறங்கினான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்தவன் சிரிக்கவில்லை. நேராக அவளிடம், "அந்தக் கடுதாசில அப்படி என்னதான் எழுதினே?" என்றான்.

"நீங்க... படிக்கலையா?"

"எங்கே படிக்க விட்டான் அந்த ஜேபஸ்! எங்க கப்பல்ல ஒரு வழக்கம். தபால் வந்தா, நிறைய வந்தவன் ஒண்ணுமே வராதவனுக்கு ஒரு கடுதாசியை அரக்கு உடைக்காமக் கொடுத்தாகணும். எனக்கு ஒரு கட்டே வந்துச்சு. ஜேபஸுக்கு ஒண்ணும் வரல, கையில அகப்பட்டதை அவன்கிட்ட நீட்டினேன். அப்புறம் மத்ததைப் பிரிச்சா, எல்லாத்துலயும் ஒரே ஒப்பாரி, பிரிக்காதே பிரிக்காதேன்னு! திருப்பிக் கேட்டா அவன் தரவும் மாட்டேங்கிறான், சொல்லவும் மாட்டேங்கிறான். நானும் பதில் எழுதினேனே, வரலையா?"

லுரானா அங்கிருந்த எண்ணெய்ப் பீப்பாய் மேலேயே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் குலுங்கினாள். "போதும்டி, ஊரே பார்க்குது" என்று அதட்டினேன். என் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

ஜேபஸ் திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எறிகிறவன், மலை மாதிரி ஆள். சொந்தபந்தம் யாருமில்லை என்று ஷூபேல் அவனைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தான். நாங்கள் உள்ளே போய்விட்டோம். அவன் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ளே வாய்யா, மீன் ஆறிப்போகுது" என்றேன்.

"வீட்டம்மா சொல்லட்டுங்க."

"நான் என்ன சொல்லணும்?" என்றாள் லுரானா.

மடிப்பெல்லாம் நைந்துபோன அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். "எங்கம்மா செத்ததுக்கப்புறம் என்னை யாரும் இப்படி அக்கறையாத் திட்டினதில்லீங்க. சாராயக் கடைப் பக்கம் கால் போனா இதைப் படிச்சுட்டுத் திரும்பிருவேன். ஆனா கடைசில, 'உசிரோட வந்தாலும் என் வாசப்படிய மிதிக்காதே'ன்னு இருக்கு. எனக்குன்னு வந்த ஒரே கடுதாசி. அதை எப்படிங்க மீறுறது?"

ஷூபேலின் முகம் வெளுத்துப்போனது. அவன் அவளைப் பார்த்தான். நான் கரண்டியை வைத்த இடத்திலேயே நின்றேன்.

லுரானா வாசலுக்குப் போய் ஜேபஸின் கையைப் பிடித்தாள். கண் மட்டும் என் தம்பி மேல் இருந்தது. "புத்திகெட்டுப்போய் எழுதிட்டேன். மன்னிச்சிருங்க. இது உங்க வீடு. உள்ளே வாங்க."

ஷூபேல் எழுந்தான். அவளைத் தாண்டி வெளியே போய், ஜேபஸின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லு. ரெண்டு பேரும் சேர்ந்தே வர்றோம்."