அம்புரோஸ் படித்த தொண்ணூற்றாறு குழிகள்

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் டீ ருசி பார்த்தவர் அம்புரோஸ். சாயத்தைப் பார்த்தே எந்தச் சரிவில் பறித்த இலை என்று சொல்லிவிடுவார். ஒருமுறை, இலை பறித்தவள் அன்று காலை புருஷனோடு சண்டை போட்டிருக்கிறாள் என்றும் சொன்னார். நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் புருஷன் நான்தான்.

ஊட்டியில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஜீவிதா என்று ஒரு பெண், ஆட்டு இரத்தத்தில் ரிசெப்டர் என்கிற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். உடம்புக்குள் வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் தபால்பெட்டி மாதிரியாம் அது. பெர்ன்ஹில் பக்கம் நாற்பது ஆடுகளில் இரத்தம் எடுத்திருந்தாள், நான்கு என்னுடையவை. அளக்கும் கிட் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து மாதம் ஆனது. வந்ததும் ஒன்றே ஒன்று. அது வீணானால் மூன்று வருட ஆராய்ச்சியும் போச்சு.

என் ஆடுகள் எத்தனை மார்க் என்று கேட்கப் போனேன். அம்புரோஸ் துணைக்கு வந்தார். ஜீவிதா தொண்ணூற்றாறு குழியுள்ள தட்டில் கடைசி மருந்தை விட்டாள்; குழிகளில் இருந்த நீலம் மஞ்சளானது. மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ, புரதம் அவ்வளவு. பதினைந்து நிமிடத்துக்குள் மெஷினில் வைத்துப் படித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. குந்தா அணையில் மின்சாரம் காய்ச்சி ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அன்று எங்களுக்கு மிச்சமில்லை.

ஜீவிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்புரோஸ் தட்டை ஜன்னலோரம் கொண்டுபோனார். பையிலிருந்து டீ ருசி பார்க்கும் ஸ்பூன் வெளியே வந்தது.

“ஐயா, அது ஆசிட்டுங்க.”

“தெரியுமுங்க அம்மிணி, கைப்பழக்கம். அளவு தெரிஞ்ச குழி எதுன்னு மட்டும் காட்டுங்க.”

பதினாறைக் காட்டினாள். அவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மற்ற எண்பதுக்கும் எண் சொல்லிக்கொண்டே போனார், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை. மூன்றாவதும் தெரிந்ததாம், மேகம் மறைத்ததால் விட்டுவிட்டார். ஜீவிதா எல்லாவற்றையும் எழுதி முடிக்கப் பதின்மூன்று நிமிடம்.

ஒவ்வொரு ஆட்டின் இரத்தத்தையும் ஜீவிதா இரண்டு குழிகளில், வெவ்வேறு மூலைகளில் விட்டிருந்தாள். அது அம்புரோஸுக்குத் தெரியாது.

மறுநாள் அவளுடைய பேராசிரியர் கீர்த்திவாசன் எங்களையும் வரச் சொல்லியிருந்தார். மனுஷக் கண்ணை நம்பி ஆராய்ச்சியா என்று சத்தம் போடத்தான் வந்தார். ஆனாலும் பட்டியலை எடுத்து ஜோடி ஜோடியாகச் சரிபார்த்தார். முப்பத்தொன்பது ஆடுகளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே எண். ஒன்று மட்டும் கொஞ்சம் பிசகியது. அந்தக் குழிக்கு விடும்போது தும்மிவிட்டதாக ஜீவிதா ஒப்புக்கொண்டாள்.

பேராசிரியர் ஆய்வுப் படிவத்தை இழுத்து, ‘கருவி’ என்ற கட்டத்தில் ‘அம்புரோஸ், குன்னூர்’ என்று எழுதினார். அடுத்த கட்டம், கடைசியாக சர்வீஸ் செய்த தேதி. நிமிர்ந்து அம்புரோஸைப் பார்த்தார்.

“போன ஜூலையிலங்க,” என்றார் அம்புரோஸ். “ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாங்க.”

பேராசிரியர் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.