முப்பத்தாறா, முப்பத்திரண்டா?

1
இந்தக் கதையின் முதல் பாதி கல்லல் பேருந்தில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செவிலியர் தேவிகா பாதி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மீதியை நானாக இட்டுக்கட்டியிருக்கிறேன். அவரைத் திட்டாதீர்கள்.

2
கார்த்திகை அடைமழையில் ஒரு...

வேண்டாம். மழையில் தொடங்கினால் எனக்குக் கதை நகராது.

அகிலாவுக்குப் பிறந்த பெண் குழந்தை ஆயிரத்து அறுநூறு கிராம். கர்ப்பகால அட்டையில் உள்ள கடைசி மாதவிலக்குத் தேதிப்படி முப்பத்தாறு வாரம். எடைதான் குறைவு, பால் குடித்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குழந்தையோ இரண்டு முறை மார்பில் வைத்தும் நாலு சொட்டு உறிஞ்சிவிட்டுக் களைத்துத் தூங்கிவிட்டது.

3
தேவிகா குழந்தையின் உள்ளங்காலைப் பார்த்தார். விரல்களை ஒட்டி ஒன்றிரண்டு கோடுகள்தான்; மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. காது மடலை மடித்துவிட்டால் நிமிர நேரமெடுத்தது. முப்பத்திரண்டு வாரம் இருக்கலாம் என்றது உடம்பு. ஆனால் உடம்புக் கணக்கில் இரண்டு வாரம் முன்பின் வரும். தாய் சரியான தேதியைச் சொன்னால்தான் உறுதி.

(ஸ்கேன் எங்கே என்பீர்கள். முதல் ஸ்கேனே ஏழாம் மாதத்தில்தான். அவ்வளவு தாமதமானால் வாரக் கணக்குக்கு அதை நம்ப முடியாதாம்.)

4
அகிலா ஏன் தப்பான தேதி சொன்னாள்? மறந்துவிட்டாள் என்று முதலில் எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.

பேரப்பிள்ளை வேண்டி, மருமகள் கோயிலுக்கு முளைப்பாரி தூக்குவாள் என்று மாமியார் அம்மாக்கண்ணு நேர்ந்துகொண்டிருந்தார். தூக்க வேண்டிய அன்று காலையில் அகிலாவுக்கு மாதவிலக்கு. விலகி நின்றால் ஊரே விசாரிக்கும். சொல்லாமல் தூக்கிவிட்டாள். வேண்டுதல் பலித்தது வேறு! அட்டை போடும்போது மாமியார் பக்கத்திலேயே நின்றதால், அவருக்குத் தெரிந்த முந்தைய மாதத் தேதியைச் சொல்லிவைத்தாள். இப்போது உண்மையைச் சொன்னால், குழந்தைக்கு என்ன வந்தாலும் பழி அந்தத் தீட்டின் தலையில்தான் விழும். இவளுக்கு அந்தப் பயம்.

5
"தேதி தப்பா, ஆத்தா? சொல்லு, வைய மாட்டேன். மாசம் நிறையாத பிள்ளைன்னா குழாய்லதான் பால் விடணும். மூச்சையும் பாத்துக்கிட்டே இருக்கணும்," என்றார் தேவிகா.

வாசலில் அம்மாக்கண்ணு பிளாஸ்க்கோடு நிற்கிறார். அவரை வெளியே அனுப்பிவிட எனக்கு ஒரு வரி போதும். அகிலா அதற்குக் காத்திருக்கவில்லை.

"அது முந்தின மாசத் தேதி சிஸ்டர். முளைப்பாரி தூக்குன அன்னிக்கித்தான் வந்துச்சு."

அம்மாக்கண்ணு கேட்டுவிட்டார். அவர் கத்துவதாக எழுதினேன், அழுவதாக எழுதினேன், காதில் விழாதது போல் காப்பி ஆற்றுவதாகவும் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்கு அவரிடம் பயம். அவர் சொல்லப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். தேவிகா மூக்குக் குழாயில் பால் விட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தைக்கு வயிறு நிறையட்டும்.